ஒன்பதாம் கேள்வியில் ஒரு கொழுப்புக் கறை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஓர் எலி. வேறு பெருமையான ஊற்று எதுவும் இல்லை. கனவு வரவில்லை, தேவதை வரவில்லை. கச்சேரி அலமாரியில் இருந்த பிர்க்ரோட ஊர் விசாரணை ஏட்டைப் போன வாரம் பிரித்தேன். ஒன்பதாம் கேள்வி அப்படியே இருந்தது. பதில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துளை.

என் பெயர் யோப்ஸ்ட் க்ரேமர். வெல்டர்மார் ஆயரின் கச்சேரியில் எழுத்தர். 1650இல் அந்த ஏட்டை எழுதியவன் நான். இப்போது 1672. அன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்த மற்ற இருவரும் செத்துப்போய்விட்டார்கள், ஆளுக்கு ஒரு வேதத்தில்.

எங்கள் நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு தொல்லை செய்ய மாட்டேன். காலையில் குதிரை ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த நாடு வந்துவிடும். எங்களுக்கு அரசர் கிடையாது. ஆயர்தான் அரசர், ஆசீர்வாதமும் அவரே, தூக்குமரமும் அவரே. முப்பது வருடச் சண்டை முடிந்தபோது பெரியவர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு முறை போப்பாண்டவரின் பழைய வேதத்து ஆயர். அவர் செத்தால் அடுத்தவர் லூத்தருடைய புது வேதத்து ஆயர். அப்புறம் மறுபடி பழையது. ஆயர் மாறும்போதெல்லாம் ஊர்களும் மாறினால் குழந்தைகளுக்கு எந்த ஜெபம் சொல்லிக்கொடுப்பது? ஆகவே ஊர்களுக்குத் தனி விதி. 1624 ஜனவரி முதல் தேதியன்று எந்த ஊர்க் கோயில் எந்த வேதப்படி நடந்ததோ, அந்த ஊர் என்றென்றைக்கும் அந்த வேதம். அந்த ஒரு நாள்தான் கணக்கு. முந்தின நாளும் மறுநாளும் செல்லாது.

போன வசந்தத்தில் பழைய வேதத்து ஆயர் காலமானார். புதியவர் ஒரு கோமகனின் தம்பி. வேட்டை நாய்கள், மனைவி, மூன்று குழந்தைகள் சகிதம் அரண்மனைக்குக் குடிவந்திருக்கிறார். வந்ததும், எல்லா விசாரணை ஏடுகளையும் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குள் சுத்தப் பிரதி எடுக்க உத்தரவு. ஏன் என்று சொல்லவில்லை. எந்த ஊரையாவது திரும்பப் பிடுங்க முடியுமா என்று பார்க்கத்தான், வேறு எதற்கு.

துளையை நான் நினைவிலிருந்து நிரப்பியாக வேண்டும், சத்தியத்தின் பேரில். ஒரே ஒரு சொல்தான். அதை எழுத முடியாமல் இவ்வளவு சொற்களை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்.

"பனி பெய்துகொண்டிருந்த அந்த நாளில் மூன்று குதிரைகள்..." பொய். அது மே மாதம், வெள்ளிக்கிழமை. பனி பெய்தது கேள்விக்குள்ளே, அந்த 1624 ஜனவரியில். விசாரணை நாளில் அல்ல.

"உண்மை என்பது என்ன என்று ஒருவன் கேட்டான்..." இதை அடித்தேன். எழுத்தன் இப்படித் தொடங்கினால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"பிர்க்ரோட ஊரின் தானியக் கொட்டகையில் ஒரு மேசை போட்டிருந்தார்கள்." சரி. இது நடந்தது. இதிலிருந்து போவோம்.

மேசைக்கு இந்தப் பக்கம் பழைய வேதத்துக்காகப் பேராலயக் குரு லாம்பெர்ட். அந்தப் பக்கம் புது வேதத்துக்காக வக்கீல் ப்ரூனிங். நடுவில் நான். ஏடும் ஒன்றுதான், சண்டை முடிந்த புதிதில் இரண்டு பிரதிக்குக் காகிதம் கிடைக்கவில்லை. கேள்விகள் மொத்தம் பன்னிரண்டு, கச்சேரியிலிருந்தே எண் போட்டுக் கொடுத்தது. பூசையா, பிரசங்கமா? ஜனங்களுக்கு அப்பம் மட்டுமா, புது வேதத்தில் போல ரசக் கிண்ணமும் உண்டா? இப்படிப் போகும்.

முதல் சாட்சி மில்காரர்.

"அப்போ உங்க சாமியாரா இருந்த எவெர்ட் எந்த வேதம்?" என்றார் குரு.

"பிர்க்ரோட வேதம்ங்க."

"அப்படி ஒரு வேதம் கிடையாது."

"எங்களுக்கு அது தெரியாதுங்களே. நாங்க பாட்டுக்கு ஞாயித்துக்கிழமை போவோம், வருவோம்."

வக்கீல் குனிந்து கேட்டார். "ஜெபம் லத்தீன்லயா, ஜெர்மன்லயா?"

"குளிர்காலத்துல லத்தீன்ங்க."

"அது என்ன, குளிர்காலத்துல மட்டும்?"

"சீக்கிரம் முடிஞ்சிரும்ல."

நான் அப்படியே எழுதிக்கொண்டேன். இப்படிப் பதினோரு பேர். எவெர்ட் சாமியார் பூசை வைத்திருக்கிறார், பூசை அங்கி போட்டிருக்கிறார், கிண்ணத்தையும் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார், லூத்தர் பாட்டையும் பாடியிருக்கிறார். ஊருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. குழம்பியது என் காகிதம்தான். அதில் இரண்டே பத்தி.

(அந்தக் காலத்தில் பாதி ஊர்கள் இப்படித்தான் இருந்தன. தாங்கள் கலந்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் போய் கேட்ட பிறகுதான் தெரிந்தது. இதற்காக நான் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.)

எட்டுக் கேள்வி தாண்டியும் தராசு முள் ஒரு பக்கமும் சாயவில்லை. அதைச் சாய்க்கக் கூடியது ஒன்பதாவது மட்டும்தான். அந்த நாளில் சாமியார் வீட்டில் இருந்த பெண் யார்? மனைவி என்றால் ஊர் புது வேதம், ஏனென்றால் அந்த வேதத்துக் குருமார்தான் கல்யாணம் செய்வார்கள். சமையல்காரி என்றால் பழைய வேதம். மில்காரர் முதல் பதினோரு பேரும் ஒரே மாதிரி மென்று முழுங்கினார்கள்.

"அந்த வீட்டு விவகாரம் எங்களுக்கு எப்படிங்க தெரியும்? கேஷெயத்தான் கேக்கணும்."

3

கேஷெ.

இவளை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். முதல் வரைவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். கச்சேரிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யார் வருவார்கள்? இரண்டாம் வரைவில் அழுதுகொண்டு வந்தாள். அதுவும் இல்லை. விசாரணையில் யாரும் அழுவதில்லை, பசிதான் எடுக்கும். உண்மையில் அவள் ஒரு கரண்டியோடு வந்தாள். எங்களுக்கான சமையல் அவள் பொறுப்பில் இருந்தது, பாதியில் கூப்பிட்டுவிட்டோம்.

வயது நாற்பது. வண்டிச் சக்கரம் செய்கிறவரின் மனைவி. காலஞ்சென்ற எவெர்ட் சாமியாரின் மகள். 1624இல் அவளுக்குப் பதினான்கு.

இப்போது அவளுக்கு என்ன போகும், என்ன வரும் என்று சொல்லிவிடுகிறேன். அவள் மகள் மெட்டெவை நகரத்து ரொட்டிக்காரர் சங்கத்தைச் சேர்ந்த டோனியஸ் என்பவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். சங்கத்து ஆட்கள் மாப்பிள்ளையின் அடுப்பை விட மணப்பெண்ணின் பிறப்பைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பெண்ணும் அவளைப் பெற்றவளும் முறையான கல்யாணத்தில் பிறந்தவர்கள் என்று கச்சேரிக் கடிதம் வேண்டும். எவெர்ட் புது வேதத்துப் போதகர் என்றால் கேஷெ நல்ல வீட்டுப் பெண். பழைய வேதத்துச் சாமியார் என்றால் கேஷெ சாமியாருக்குப் பிறந்தவள்; மகள் கல்யாணம் நின்றுவிடும். இன்னொன்று, சண்டைக் காலத்தில் வந்து தங்கிய போதகர் மெல்கியோர் தன் மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் கொட்டகைக்கு வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர் பழைய வேதம் என்று ஆனால் அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எல்லாம் ஒரே பக்கம் இருக்கிறதே, "மனைவி" என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடு போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்துப் பேனாவை மையில் தோய்த்து வைத்திருந்தேன்.

4

எட்டாவது கேள்வி: அந்த நாளில் வீட்டில் யார் யார் இருந்தார்கள்?

"அப்பா இருந்தாரு. அம்மா. நான். அப்புறம் பேராலயத்துலேந்து வந்த பெரியவர் ஒருத்தர்."

குரு லாம்பெர்ட் நிமிர்ந்தார். "எந்தப் பெரியவர்?"

"ஊர் ஊரா வந்து சாமியார்ங்க ஒழுங்கா இருக்காங்களான்னு பாப்பாங்களே, அவரு. வருஷத்துக்கு ஒருதரம் வருவாரு. அந்தத் தடவ பனியில மாட்டிக்கிட்டாரு. மூணு நாளு எங்க வீட்டுலதான்."

"அவர் வந்தா என்ன நடக்கும்?"

கேஷெ கரண்டியை மேசையில் வைத்தாள். "அவரு குதிரை பாலத்துல ஏறும்போதே மில்லுலேந்து ஆள் வரும். அம்மா நல்ல பாவாடைய அவுத்துப் பொட்டியில வெச்சுட்டு ஏப்ரனக் கட்டிக்குவா. அப்பாவோட கட்டில்லேந்து அவ தலகாணி அடுப்படிக்குப் போயிரும். நானும் அப்பாவ அப்பான்னு கூப்பிடக் கூடாது. சாமின்னு கூப்பிடணும். சமையல்காரியோட அண்ணன் மகள்னு சொல்லி வெச்சிருந்தாங்க. அவரு போனதும் தலகாணி திரும்பி வந்துரும்."

"வருஷா வருஷமா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேந்து."

கொட்டகையில் மில்காரர் மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்த ஆள் அவர்தான், அப்போது இளவட்டம்.

"ஜனவரி முதல் தேதி?" என்றார் வக்கீல். குரலில் ஏற்கெனவே கலக்கம்.

"அன்னிக்கி அப்பா முழுப் பூசை வெச்சாரு. கிண்ணம் கிடையாது, லூத்தர் பாட்டு கிடையாது, பெரியவரு முன்வரிசையில உக்காந்திருந்தாரே. மத்தியானம் சாப்பாட்டுக்கு அவரு அப்பாவுக்கு எதிர்ல உக்காந்தாரு. சந்தேகமாத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. நானும் அம்மாவும் ஒரே மூக்கு. அப்பா சூப்பத் தொடவே இல்ல. நான் பாத்தேன். நாமதான் எதாவது பண்ணணும்னு தோணிச்சு. 'ஏ ஆல்ஹைட், சாமிக்கு சூப் ஆறிப்போச்சு, வந்து சூடா ஊத்து'ன்னேன். அம்மா பேரச் சொல்லி. வேலைக்காரிய வெரட்டுற மாதிரி."

"அப்புறம்?"

"அவரு சிரிச்சாரு. சந்தேகம் போயிருச்சு. அம்மா வந்து ஊத்துனா. 'சரிங்க'ன்னா."

இங்கே நான் "நீண்ட மௌனம்" என்று எழுதி அடித்திருக்கிறேன். மௌனத்தை எழுத ஏட்டில் பத்தி கிடையாது.

குரு ஒன்பதாவதைப் படித்தார். "அந்த நாளில் அந்த வீட்டில் இருந்த பெண் எவெர்டுக்கு மனைவியா, சமையல்காரியா?"

"ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணுமா?"

"ரெண்டுக்குத்தான் இடம் இருக்கு. அந்த ஒரு நாளப் பத்தி மட்டும். சத்தியம் பண்ணியிருக்கே."

வெளியே வேலியருகில் மெல்கியோரின் கடைக்குட்டி இருமியது. மெட்டெ அடுப்படி வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருதரம் சொல்லிட்டேன்ங்க," என்றாள் கேஷெ. "இன்னொருதரம் என் வாயால சொல்ல மாட்டேன்."

கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

5

அந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் மதியம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை என்று சொன்னேன் அல்லவா. பழைய வேதத்தில் வெள்ளியன்று இறைச்சி ஆகாது; குரு லாம்பெர்டுக்குப் பிர்க்ரோடக் குளத்து மீன் வந்தது. வக்கீலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கறுப்பு மாவு அடை, மேலே பன்றிக்கொழுப்புத் துண்டுகள் பொரிந்து மினுங்கிக்கொண்டிருந்தன. நான் பழைய வேதத்துக்காரன். எனக்கும் மீன்தான். ஆனால் அந்த வாசனை! மெட்டெ பரிமாற வந்தபோது கண்ணைக் காட்டினேன். அவள் ஒரு கொழுப்படையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

குரு மீனை முள் பிரித்துச் சாப்பிட்டார். "இந்தக் குளம் யாரோடது?"

"கோயில் சொத்து," என்றார் வக்கீல்.

"நல்ல குளம்." இன்னும் ஒரு வாய். "ஸ்டைன்லோ ஊரு எங்க பக்கம் வரும்போல இருக்கு. பூசையா நடந்ததுன்னு ஆறு சாட்சி. அங்க குளம் இல்ல, வெறும் கல்லுதான்."

"கல்லா இருந்தா என்ன, பெரிய ஊரு. மூணு மடங்கு குடும்பம்."

"அத நீங்க எடுத்துக்குங்களேன். இத நாங்க வெச்சுக்கறோம்."

வக்கீல் அடையின் கடைசித் துண்டால் தட்டைத் துடைத்தார். வேலி இருந்த பக்கம் திரும்பவில்லை. "சரி. எழுதிருங்க."

அவ்வளவுதான். இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு நாளைத் தோண்டி எடுக்கப் பன்னிரண்டு பேருக்குச் சத்தியம் செய்துவைத்தோம். முடிவு செய்தது ஒரு கெண்டை மீன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது வாயைத் திறக்கவில்லை, இப்போது எழுதுகிறேன். எழுத்தர்களின் வீரம் இப்படித்தான் இருக்கும்.

குரு என் பக்கம் திரும்பினார். "ஒன்பதாவது, சமையல்காரின்னு போடு."

திரும்பினாரா, நான் பதறிப்போய் மடியிலிருந்த அடையை ஏட்டுத் தாள்களுக்கு நடுவில் செருகினேன். வெள்ளிக்கிழமைக் கொழுப்போடு பேராலயக் குருவிடம் கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்குக் கச்சேரியில் வேலை இருக்காது. பிறகு அதை உருவி வெளியே போட்டுவிட்டு, அவர் சொன்ன சொல்லை அவர் கண் முன்னாலேயே எழுதினேன். எண்ணெய் குடித்த காகிதத்தில் மை நிற்காமல் பரவிக் கறுப்புக் குட்டையாகிவிட்டது. அவர் அதற்குள் குளத்தைப் பார்க்க எழுந்துபோயிருந்தார்.

(அடையை எந்தத் தாளில் செருகினேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். கையில் அகப்பட்ட தாளில். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

ஊர் பழைய வேதம் ஆயிற்று. மெல்கியோர் குடும்பம் ஒரு வண்டியில், ஓர் ஆட்டோடு, எல்லை தாண்டிப் போனது. இலையுதிர் காலத்தில் மெட்டெவுக்காகப் பிறப்புக் கடிதம் கேட்டுக் கச்சேரிக்கு மனு வந்தது. ஏட்டைப் பார்த்து எழுத வேண்டியவன் நான். பார்த்தேன். "ஏட்டில் தடை ஏதும் படிக்கக் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் இல்லை. அவள் கல்யாணம் நடந்தது. அலமாரிக்குள் மிச்ச வேலையைக் கொழுப்பு வாசனை பிடித்து வந்த எலி முடித்துவைத்தது.

6

இனி முடிவுகள்.

ஒரு முடிவில் நான் "சமையல்காரி" என்று எழுதுகிறேன். குரு சொன்னதும் அதுதான், அந்த ஒரு நாளின் உண்மையும் அதுதான். என் சத்தியம் பிழைக்கும். டோனியஸ் இப்போது ரொட்டிக்காரர் சங்கத்தின் மூத்தவர்களில் ஒருவன், போட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஏடு புது ஆயரின் மேசைக்குப் போன ஒரு வாரத்தில் சங்கத்துக்கு மூக்கில் வேர்த்துவிடும். மெட்டெவின் பிறப்பு, அவள் நான்கு பிள்ளைகளின் பிறப்பு, எல்லாவற்றையும் தெருவில் பரப்பிப் பார்ப்பார்கள். அடுப்பை அணைத்துவிடுவார்கள். கடைசியில் டோனியஸ் வந்து என்னிடம்... இதை முழுதாக எழுத எனக்கு மனம் இல்லை.

இன்னொரு முடிவு, "மனைவி". வருடத்தின் மிச்ச நாட்களெல்லாம் அதுதான் உண்மை. ஆனால் புது ஆயர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிர்க்ரோடவைத் திரும்பக் கேட்பார். இருபத்திரண்டு வருடமாகப் பழைய வேதத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் அங்கே வளர்ந்திருக்கிறார்கள். இப்போதைய சாமியார் தேன்கூடு வளர்க்கிற சாதுவான மனிதர். அவருக்கும் ஒரு வண்டி கட்ட வேண்டியிருக்கும். சமையல்காரி என்று அவர் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். நான் அதை விசாரிக்கவில்லை.

மூன்றாவதாக, அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடலாம் என்று தோன்றியது. "ஒருதரம் சொல்லிவிட்டேன், இன்னொருதரம் சொல்ல மாட்டேன்." எழுத்தனுக்கு இதைவிட நல்ல வழி ஏது? சந்தோஷமாகப் பேனாவை எடுத்தேன். பிறகுதான், அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை பிர்க்ரோட போனேன்.

கேஷெவுக்கு அறுபத்திரண்டு. கணவர் இல்லை. முட்டைக்கோஸை அரிந்து உப்புப் போட்டுப் பீப்பாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"வாங்க எழுத்தரே. வயிறு வெச்சிருச்சு உங்களுக்கு."

"உக்காந்தே வேலை பாக்கறேன்ல." துளையைப் பற்றிச் சொன்னேன். "எலி தின்னுருச்சு."

"எலி மேலயா பழியப் போடறீங்க? கொழுப்பு வெச்சது யாரு?"

எனக்கு முகம் சுட்டது. "நீங்க... பாத்தீங்களா?"

"அடுப்படி வாசல்ல நின்னேன். பேராலயத்துச் சாமியார் திரும்புனாரு, நீங்க அடைய உள்ள தள்ளுனீங்க. ரெண்டு தாளப் புரட்டி, தேடித் தள்ளுனீங்க." முட்டைக்கோஸை அழுத்தினாள். "ஒளிச்சு வெக்கற வீட்டுல வளந்தவ நான். என் கண்ணுக்குத் தப்புமா?"

தேடித் தள்ளினேன் என்கிறாள். மேலே அடைப்புக்குறிக்குள் நான் எழுதியதை நீங்கள் திருத்திக்கொள்ளலாம். எனக்கு அதை அடிக்கக் கை வரவில்லை.

"நீங்க அன்னிக்கிச் சொன்னதயே எழுதிடறேன்," என்றேன்.

அவள் கை நின்றது. "எழுதுனா என்ன பண்ணுவாங்க?"

"பதில் முழுசா இல்லைம்பாங்க."

"அப்புறம்?"

அவளே சொன்னாள். "என்னைக் கூப்பிடுவாங்க."

கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "பெரியவரு மறுநாளு போனாரா, அம்மா தலகாணிய அடுப்படியிலேந்து எடுக்கவே இல்ல. தவக்காலம் வரைக்கும் அங்கயே படுத்தா. அப்பாவத் திட்டல, என்னையும் திட்டல. ஒருநா சாயங்காலம் நான் 'அம்மா, பசிக்குது'ன்னேன். 'யாரக் கூப்பிட்டே'ன்னு கேட்டா. கோவமா இல்ல. நெஜமாவே தெரியாத மாதிரி." பீப்பாயின் மூடியை வைத்து மேலே கல்லைத் தூக்கி வைத்தாள். "எதயாவது எழுதிக்குங்க எழுத்தரே. ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி. என்னைக் கூப்பிட்டு மட்டும் கேக்க வெச்சிராதீங்க."

7

ஆக மூன்றாவது முடிவும் போயிற்று. வெறுமனே விட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

நாளை மிக்கேல் திருநாள். பதினொரு பதில்களைச் சுத்தமாக எழுதி முடித்துவிட்டேன். கச்சேரி ஜன்னலுக்குக் கீழே ஆயரின் மனைவி குழந்தைகளோடு வண்டி ஏறுகிறார். காவலாளிகள் தொப்பியைக் கழற்றுகிறார்கள். அவர் யார் என்று யாரும் கேள்வி எண் போட்டுக் கேட்கவில்லை. இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். பொறாமையாக இருக்கிறது, கேஷெவுக்காக.

வாசகரே, கதை முழுவதும் உங்களை ஓரமாக உட்காரவைத்து வேடிக்கை காட்டினேன். இப்போது கொஞ்சம் தள்ளி இந்தப் பக்கம் வாருங்கள். இதோ பேனா. நான் கேட்டது, பார்த்தது, ஒளித்தது எல்லாமே உங்களிடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எந்தச் சொல்லானாலும் நான் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதுவதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் அம்மாவை அந்தச் சொல்லால் ஒருமுறை, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி, கூப்பிட்டுப் பாருங்கள். அவர் 'சரிங்க' என்று சொல்லிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.

ஒன்பதாம் கேள்விக்குச் சாட்சி கேஷெ சொன்ன பதில்: 1624 ஜனவரி முதல் தேதியன்று அந்த வீட்டில் இருந்த ஆல்ஹைட் என்னும் பெண் எவெர்டுக்கு